நான்கு டயரும் ஐந்து கோப்பையும்

டயர்க்காரரின் வேன் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்ததுமே பஞ்சுக்கை செருப்பை மாட்டிக்கொண்டார். "கடைக்குப் போயிட்டு வரேன்" என்றார். என்ன வாங்க என்று சின்னவள் கேட்கவில்லை. வீட்டில் எல்லாம் இருந்தது. பின்கட்டில் நிற்கிற கேரவனைத் தொட யார் வந்தாலும் அவர் வீட்டில் இருக்க மாட்டார். போன வருடத்திலிருந்து இதுதான் வழக்கம். போவார், ஒரு உப்புப் பாக்கெட்டோடு திரும்புவார். அலமாரியில் உப்பு மலையாகக் குவிந்து கிடந்தது.

பஞ்சுக்கை என்பது அவரோடு லாரியில் வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர். வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குகிற கம்பெனியில் ஓட்டுநராக இருந்தார். ஆளுயரக் கண்ணாடியோ, கல்யாணத்துக்கு வந்த பீங்கான் செட்டோ, அவர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்காரர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். கம்பளியைச் சுற்றி, கயிற்றைக் கட்டி, குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல வண்டியில் வைப்பார். வேலையை விடுகிற வரைக்கும் அவர் ஏற்றிய சாமானில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

சின்னவள் அவருடைய மனைவி. அறுபதைத் தாண்டியவளைச் சின்னவள் என்றால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும்தான். ஆனால் அக்கா கடைசி வரை அப்படித்தான் கூப்பிட்டாள், அக்காவைப் பார்த்து மற்றவர்களும் கூப்பிட்டார்கள். சின்னவளுக்குத் தண்ணீர் வாரியத்தில் புகார்ப் பிரிவில் வேலை. குழாயில் தண்ணீர் வரவில்லை, வந்தால் நாறுகிறது, நாறாத மாதம் பில் நாறுகிறது என்று ஊரே வந்து அவள் மேஜைமுன் நின்று கத்தும். வாயைத் திறக்காமல் கேட்டுக்கொள்வாள். அங்கே பூட்டிய வாயை வீட்டுக்கு வந்துதான் திறப்பாள். சட்டினியில் காரம், கதவில் சத்தம், அவர் குளித்தால் தரையில் ஈரம். கோபமெல்லாம் இல்லை, பழக்கம். அவரும் அதை வானொலி கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஓய்வு பெற்றதும் இருவரும் சேர்ந்து அந்தக் கேரவனை வாங்கினார்கள். காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற, சக்கரம் வைத்த வீடு. கட்டில், அடுப்பு, கைகழுவும் தொட்டி, தலைக்கு மேல் வரிசையாக அலமாரி. பக்கத்துக்கு இரண்டாக நான்கு சக்கரம். அந்த அலமாரியில் சின்னவள் முதலில் கொண்டுபோய் வைத்தது அக்கா கொடுத்த தேநீர்க் கோப்பைகளைத்தான். நீலக் கோடு போட்ட ஆறு கோப்பை, ஆறு சாஸர். தன் முதல் சம்பளத்தில் அக்கா வாங்கித் தந்தது. அதில் யாரும் தேநீர் குடித்ததில்லை. பஞ்சுக்கை குடிப்பது எப்போதும் எவர்சில்வர் டம்ளரில். அவர் அந்தக் கோப்பைகளைத் தூக்குவதோடு சரி.

முதல் பயணத்திலேயே ஒரு கோப்பை உடைந்தது. துணியைச் சுற்றி, இடுக்கில் காகிதத்தைத் திணித்து அவர் கட்டி வைத்தும் உடைந்தது. உடைந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சின்னவள் சொன்னதை அவர் பலநாள் கேட்க வேண்டியிருந்தது. "ஊரான் வீட்டுக் கண்ணாடியெல்லாம் கீறல் விழாமப் போச்சு. என் அக்கா குடுத்தது மட்டும் உங்க கைக்குத் தாங்கலை." அடுத்த பயணம் முழுக்க அலமாரி கடகடவென்று ஆடுகிற சத்தம் அவளுக்கு முன்சீட்டிலேயே கேட்டதாம். இழுக்கிற காருக்குள் உட்கார்ந்துகொண்டு பின்னால் வருகிற வண்டியின் அலமாரிச் சத்தம் எப்படிக் கேட்கும் என்று கேட்கக் கூடாது. அவளுக்குக் கேட்டது.

பிறகு, போன வருடக் கோடையில், அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். அவள் உடம்பு ரொம்ப நாளாகவே சரியில்லை. குரல் பாதியாகியிருந்தது. "சின்னவளே, ஒரு தடவை வந்துட்டுப் போ. அந்தக் கப்பை எடுத்துட்டு வா. வாங்கிக் குடுத்ததோட சரி, நான் ஒரு வாய்கூட அதுல குடிச்சதில்லை. ரெண்டு பேரும் உக்காந்து குடிக்கலாம்."

அக்கா வீடு நெடுந்தூரம். போனால் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும், கேரவனை அவள் வாசலிலேயே நிறுத்திக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். கோப்பைகள் அலமாரிக்குள் போயின. "இந்தத் தடவை ஒண்ணு உடைஞ்சாலும் நான் அவ முகத்துல முழிக்க முடியாது, பார்த்துக்கங்க" என்றாள் சின்னவள். அவர் தலையாட்டினார்.

பாதி வழிக்குமேல் போன பிறகு, உச்சி வெயிலில், இடப்பக்கத்து டயர் ஒன்று வெடித்தது. கேரவன் வாலை ஆட்டிக்கொண்டு காரையும் இழுத்தது. பஞ்சுக்கை பிரேக்கை மிதிக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல ஓரம் கட்டினார். வேறொருவராக இருந்தால் இருவரும் அங்கேயே முடிந்திருப்பார்கள். ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அக்கா வீட்டுக்குத் திரும்புகிற சாலையை நெருங்கும்போது, வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதையாக, அதே பக்கத்தின் இன்னொரு டயரும் போனது. மாற்ற வேறு டயர் இல்லை. காரைத் தனியாகக் கழற்றிக்கொண்டு போகலாம் என்றால், முதல் டயர் வெடித்த ஆட்டத்தில் வளைந்துபோன கொக்கி கழலவில்லை. போகிற வண்டிகளைக் கைகாட்டி, கெஞ்சி, ஒருவர் வந்து உதவி, அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அக்கா வீட்டு வாசலில் செருப்புகள் நிறைய கிடந்தன.

மதியம் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தாள் என்று அத்தான் சொன்னார். "சின்னவ வந்துட்டாளா, சின்னவ வந்துட்டாளான்னு."

அப்போதுதான் சின்னவள் அதைச் சொன்னாள். கூடத்தில் உறவுக்காரர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். கணவர் சட்டையெல்லாம் கிரீஸோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். "இவர் டயரைப் பார்த்திருந்தா நான் என் அக்காவைப் பார்த்திருப்பேன்." சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. கொட்டின நெல்லை அள்ளலாம், கொட்டின சொல்லை அள்ள முடியாது. அவர் ஒன்றும் பதில் பேசவில்லை. யாரோ ஒருவர் யானைக்கும் அடி சறுக்கும் என்றார்.

கோப்பைகள் மட்டும் ஐந்தும் முழுசாக இருந்தன.

அதற்குப் பிறகு கேரவன் பின்கட்டில் நின்றதுதான், நகரவில்லை. இப்போது வாங்க ஆள் வந்திருந்தது. புதிதாகக் கல்யாணமான ஜோடி. டயரை மட்டும் மாற்றிக் கொடுங்கள், சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அதற்காகத்தான் டயர்க்காரர் வந்திருந்தார்.

டயர்க்காரர் நல்ல வேலைக்காரர், ஆனால் வாய்க்குப் பூட்டு கிடையாது. காற்றடிக்கிற எந்திரமாவது நடுவில் நின்று மூச்சு வாங்கும். ஜாக்கியை வைத்துக்கொண்டே தன் மகளைக் கட்டிய மாப்பிள்ளையின் சோம்பேறித்தனத்தைச் சொன்னார், நட்டைத் தளர்த்திக்கொண்டே மாப்பிள்ளையின் அம்மாவைப் பற்றிச் சொன்னார். சின்னவள் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்பதுதான் அவள் தொழிலாயிற்றே.

இடப்பக்கத்தில் ஒன்று ஸ்டெப்னி, இன்னொன்று வழியில் கிடைத்ததை மாட்டியது, அளவே சரியில்லை என்று இரண்டையும் ஓரமாகப் போட்டார். வலப்பக்கத்து டயர் பழையது. "இது நல்லாத்தானே இருக்கு, மேலே இருக்கிற பட்டன் தேயவே இல்லையே" என்றாள்.

"கேரவன் டயரை மேல் பட்டனை வெச்சுச் சொல்லக் கூடாது அண்ணி. இது தேஞ்சு சாகாது. ஒண்ணு வயசாகிச் சாகும், இல்லேன்னா சூட்டுல சாகும்." புது டயரின் பக்கவாட்டில் விரலை வைத்து நான்கு எண்களைக் காட்டினார். எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்பது அதில் இருந்தது. பிறகு பழைய டயரை ரிம்மிலிருந்து பிரித்து, உள்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பினார். கருப்புத் தூள் கொட்டியது. உட்சுவரில் சுற்றிலும் ஒரு வளையம் தேய்ந்து, அங்கங்கே நூல் தெரிந்தது. "பாருங்க. காத்து கம்மியா வெச்சு ஓட்டின டயர் இப்படித்தான் இருக்கும். மடங்கி மடங்கி நிமிர்றப்போ சூடாகி உள்ளேயே வெந்து போயிடும். வெளியே பார்த்தா புது மாப்பிள்ளை."

"அவர் காத்தைப் பார்க்கலை போல" என்றாள் சின்னவள். ஒரு வருடமாகச் சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் அவள் நாக்கில் தயாராக இருந்தது.

"பார்க்காம என்ன?" டயர்க்காரர் சிரித்தார். "கிளம்புறதுக்கு முந்தின நாள் என் கடைக்குத்தானே வந்தாரு. நாலுலயும், ஸ்டெப்னியிலயும் நான்தான் கணக்காக் காத்து வெச்சேன். வெச்சு முடிச்சதும் அண்ணன் உக்காந்து ஒவ்வொண்ணுலயும் புஸ்ஸுனு எடுத்து விடுறாரு. என்னண்ணே பண்றீங்கன்னு பிடிச்சேன். 'வண்டியில கப்பு உடையுதுப்பா. மச்சினி கேட்டு அனுப்பின கப்பு. இந்தத் தடவை உடைஞ்சா என் தலை உடையும்'னாரு. சாமான் லாரியில கண்ணாடி ஏத்தினா கொஞ்சம் காத்தை இறக்கி விடுவாங்க, மெத்துன்னு போகும். ஊருக்குள்ள ஊர்ந்து போற வண்டிக்கு அது சரி. வெயில்ல, மெயின் ரோட்டுல, இத்தனை பாரத்தோட ஓடுற கேரவனுக்கு ஆகாதுண்ணேன்னு சொன்னேன். 'மெதுவா ஓட்டிக்கிறேன்'னு சிரிச்சாரு. கப்புக்குத் தாலாட்டுப் பாடுற மனுஷன்னு நானும் கிண்டல் பண்ணி அனுப்பிட்டேன். அன்னிக்கு நான் இன்னும் ரெண்டு வார்த்தை கடுமையாச் சொல்லியிருக்கணும் அண்ணி."

சின்னவள் முக்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மெதுவாக ஓட்டிக்கொள்கிறேன் என்றவரை அன்று அவள்தான் விடவில்லை. சீக்கிரம் போங்க, அக்கா காத்திருப்பா என்று வழியெல்லாம் நச்சரித்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அது தன்னைத்தானே கெடுத்துக்கொள்கிறது, அதோடு விட்டது. அவள் வாய் அக்காவிடமிருந்து ஒரு மதியத்தைப் பிடுங்கிக்கொண்டது. அது போதாதென்று ஒரு வருடமாக அந்தப் பழியை இன்னொருவர் தலையில் ஏற்றி வைத்திருந்தது.

"ரெண்டாவது டயர் ஏன் வெடிச்சுது?" என்று கேட்டாள். வேறு எதையாவது கேட்காவிட்டால் அழுதுவிடுவோம் என்று தோன்றியது.

"பக்கத்துல இருந்தது வெடிச்சதும் அதோட பாரமும் சேர்ந்து இது மேலதானே விழுந்துச்சு. அப்பவே உள்ளே நூல் அறுந்திருக்கும். வெளியே ஒண்ணும் காட்டாது. சத்தம் போடாம தாங்கிட்டு வந்து, ஒரு இடத்துல விட்டுடும்" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி மாப்பிள்ளை கதைக்குப் போய்விட்டார். காற்றடைக்கிற மூக்குகளையும் புதிதாக மாற்றினார். இறுக்கத்தை எண்ணில் காட்டுகிற ஸ்பேனரால் நட்டுகளை எதிரெதிராக இறுக்கினார். கொஞ்ச தூரம் ஓடியதும் மறுபடி இறுக்கச் சொல்லுங்கள், காற்றை வண்டி ஓடுவதற்கு முன்னால் குளிர்ந்த டயரில்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பஞ்சுக்கை உப்புப் பாக்கெட்டோடு வந்தார். சின்னவள் அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"கப்புக்காகவா காத்தை எடுத்தீங்க?"

அவர் உப்பை அலமாரியில் மற்ற உப்புகளோடு வைத்தார். "அந்த ஆளுக்கு வயித்துல எதுவும் தங்காது."

"ஏன் சொல்லலை?"

"என்னத்தைச் சொல்றது. எடுத்தது என் கைதானே. நீயா எடுக்கச் சொன்னே?"

"நான் கத்தினதாலதானே எடுத்தீங்க."

"நீ எப்பவும்தான் கத்துவே. அதுக்கெல்லாம் காத்தை எடுத்திருந்தா நம்ம வீட்டு வண்டி ஒண்ணுகூட உருண்டிருக்காது." அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"அத்தனை பேர் முன்னாடி உங்களைச் சொன்னேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அன்னிக்கு நீ யாரையாவது சொல்லியே ஆகணும். சாவைத் திட்ட முடியுமா? நான் பக்கத்துல நின்னேன்." சட்டைப் பையிலிருந்த கடைச் சில்லறையை எடுத்து மேஜையில் வைத்தார். "காரணத்தைச் சொன்னா நீ உன்னையே திட்ட ஆரம்பிப்பே. நீ ஒருத்தரைத் திட்ட ஆரம்பிச்சா லேசுல நிறுத்த மாட்டே. எனக்குத் தெரியாதா?"

சின்னவள் ஜன்னல் வழியாகப் பின்கட்டில் நின்ற கேரவனைப் பார்த்தாள்.

"விக்க வேண்டாங்க" என்றாள். "டயரும் புதுசு. காத்தை முழுசா வெச்சுட்டுப் போவோம். எங்கேயாவது போவோம்."

அவர் வலது கையை நீட்டி அவள் முன்னால் பிடித்தார். அது நடுங்கியது. அவள் அதைப் பார்த்திருக்கிறாள், வயசாகிவிட்டது என்று நினைத்திருக்கிறாள். "போன மாசம் ஒரு நாள் நீ தூங்கறப்போ கொக்கி மாட்டிப் பார்த்தேன்" என்றார். "இறங்கி வந்துட்டேன். பின்னால அது ஆடுற மாதிரியே இருக்கு. நிக்கிற வண்டியில."

சாயங்காலம் அந்த ஜோடி வந்தது. பையன் சக்கரங்களைச் சுற்றிச் சுற்றி வந்தான். பெண் உள்ளே போய் அலமாரிகளைத் திறந்து பார்த்தாள். பஞ்சுக்கை வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டார். சின்னவள் தன் பழைய அலுவலகக் குரலில் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். கொஞ்ச தூரத்தில் நிறுத்தி நட்டை இறுக்க வேண்டும். கிளம்பும் முன் காற்றைப் பார்க்க வேண்டும், டயரில் போட்டிருக்கிற அளவுக்கு முழுசாக. ஸ்டெப்னியையும் மறக்கக் கூடாது. ஓடாமல் நின்றாலும் டயருக்கு வயசாகும்.

"உள்ளே சாமானெல்லாம் ரொம்ப ஆடுமா ஆன்ட்டி?" என்று அந்தப் பெண் கேட்டாள். "எங்க அம்மா குடுத்த கண்ணாடிப் பாத்திரம் இருக்கு."

"ஆடும்மா. ஆடினா ஆடட்டும். அதுக்காகக் காத்தை மட்டும் இறக்க விட்டுடாதே." சொல்லிக்கொண்டே வந்தவள் ஒரு நொடி நின்றாள். "உடையுற சாமான்னா மடியில வெச்சுக்கோ. நீ சும்மாதானே உக்காந்திருக்கப் போறே."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. ஆறே ஆறு கோப்பை. ஒரு துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கலாம். இத்தனை பயணத்தில் ஒரு தடவைகூட அவளுக்கு அது தோன்றவில்லை. குறை சொல்வது அதைவிடச் சுலபமாக இருந்திருக்கிறது. அந்தப் பெண் எதற்கோ நன்றி சொன்னாள். சின்னவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

கேரவன் பக்கத்துச் சந்து வழியாக வெளியேறி, தெருமுனையில் திரும்பிப் போனது. அது நின்ற இடத்தில் நான்கு சக்கரத்தின் தடமும் புல் வெளுத்த ஒரு நீளச் சதுரமும் மிஞ்சின. அவள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை வந்தது, அழுதாள். அக்காவுக்காகத்தான் அழுகிறோம் என்று முதலில் நினைத்தாள். பிறகு அது அக்காவுக்கு மட்டும் இல்லை என்று தெரிந்தது.

உள்ளே வந்து தேநீர் போட்டாள். எவர்சில்வர் டம்ளரை எடுக்கப் போன கையை நிறுத்தி, மேல் தட்டிலிருந்து நீலக்கோடு போட்ட கோப்பைகளில் இரண்டை இறக்கினாள். கழுவித் துடைத்து, சாஸரில் வைத்து, ஊற்றினாள். அக்கா கேட்டதும் இதுதான். இரண்டு பேர், இரண்டு கோப்பை.

பஞ்சுக்கை அதைப் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "எனக்கு டம்ளரே போதும். இதெல்லாம் வேண்டாம்."

"பிடிங்க."

"கை நிக்காது. போட்டுடுவேன்."

"பிடிங்கன்னா."

வாங்கிக்கொண்டார். இரண்டு கையாலும் பிடித்தும் நடுக்கம் நிற்கவில்லை. கோப்பை சாஸரின் மேல் கடகடவென்று ஆடியது, தேநீர் விளிம்பில் தளும்பிச் சிந்தியது. அவர் பயந்துபோய் அவள் முகத்தைப் பார்த்தார். சின்னவள் தன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை.